கரைக்கு வந்த முதல் இரவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்: விந்து முந்துதலுக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு மருந்துக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்ற எனக்கு, விந்து முந்துதல் பற்றிக் கேட்க வருபவரை அவர் வாய் திறக்கும் முன்பே அடையாளம் தெரியும். கடையில் வேறு ஆள் இருக்கும் வரை அவர் இருமல் மருந்தின் விலையைக் கேட்பார், பிளாஸ்திரி ஒன்று வாங்குவார், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார், கடைசி ஆள் படியிறங்கிய பிறகுதான், "அண்ணே, சீக்கிரமா முடிஞ்சிருது, அதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?" என்று பாதிக் குரலில் கேட்பார். விசைப்படகில் போகிறவர், கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வளைகுடா நாட்டுக்குப் போய் விடுப்பில் வந்த சபுராளி, கல்யாணமாகி ஒரு மாதம் கூட ஆகாத பையன் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் கல்லாவுக்கு அந்தப் பக்கமாகக் குனிந்து சொல்லிவிட முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது விந்து முந்துதல் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கேட்டு வருபவர்களில் பலருக்கு அது இருப்பதில்லை. மருத்துவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: உறவு தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள், அல்லது தொடங்கும் முன்பே, எப்போதும் அல்லது பெரும்பாலும் விந்து வெளியேறிவிடுவது; அதைத் தள்ளிப்போட முயன்றும் முடியாமல் இருப்பது; அதனால் மனவருத்தமோ, உறவையே தவிர்க்கும் நிலையோ ஏற்படுவது. மூன்றும் இருந்தால்தான் அது நோய்நிலை. முதல் உறவிலிருந்தே இப்படி இருந்தால் அது பிறவிவகை என்றும், நன்றாக இருந்தவருக்கு நடுவில் நேரம் குறைந்து மூன்று நிமிடம் அல்லது அதற்கும் கீழே இறங்கிவிட்டால், ஒரு நிமிடக் கணக்குப் பாராமலே, அது பின்னால் வந்தவகை என்றும் பிரிக்கப்படுகிறது. இந்தப் பிரிவினை வெறும் பெயருக்கானதன்று, வைத்தியமே இதை வைத்துத்தான் மாறும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 500 இணைகளிடம் நிறுத்துக் கடிகாரம் கொடுத்து அளந்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. வரிசையின் நடுவில் நின்ற அளவு 5.4 நிமிடம். அரை நிமிடத்தில் முடித்தவர்களும் 44 நிமிடம் வரை போனவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். கைப்பேசியில் படம் பார்த்து அரை மணி நேரம் என்பதைச் சாதாரண அளவாக நினைத்துக்கொண்டு, ஆறு நிமிடத்தைக் குறையாகக் கருதி வருந்துகிறவருக்கு மாத்திரை தேவையில்லை. அந்தப் படங்கள் வெட்டி ஒட்டப்பட்டவை என்று எடுத்துச் சொல்பவர் ஒருவர் இருந்தால் போதும்.

இந்தக் கடற்கரைக்கென்றே ஒரு செய்தி உண்டு. பல நாள், பல மாதம் இடைவெளி விட்டுக் கூடும்போது விந்து சீக்கிரம் வெளியேறுவது உடலின் இயல்பு. இரண்டு ஆண்டு துபாயில் இருந்துவிட்டு இரண்டு மாத விடுப்பில் வருபவருக்கு, வந்த இரவிலேயே எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும், விடுப்பு நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன என்ற பதைப்பும், "ஏதும் விசேஷம் உண்டா?" என்று ஊரில் கேட்கப்போகும் கேள்வியும் ஒன்றாக வந்து சேர்கின்றன. முதல் இரவில் அரை நிமிடத்தில் முடிந்தால் அது அந்த இடைவெளியின் விளைவு. மறுநாள் காலையிலோ, அடுத்த வாரத்திலோ என்ன நடக்கிறது என்பதே கணக்கில் சேர வேண்டியது. முதல் இரவைப் பார்த்துப் பயந்துபோய், இரண்டாம் இரவில் அந்தப் பயத்தையே சுமந்துகொண்டு படுப்பவருக்குத்தான், இல்லாத நோய் மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. நாட்டுப்படகில் நாள்தோறும் வீடு திரும்புகிறவர்கள் இந்தக் கேள்வியோடு வந்ததை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். இது என் கல்லாவின் அனுபவம் மட்டுமே, ஆய்வன்று.

அவசரம் பழக்கத்தாலும் வருவது. ஒரே அறை உள்ள வீட்டில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அப்பத்தா இருமிக்கொண்டிருக்க, பாயின் மறு ஓரத்தில் பிள்ளைகள் புரண்டுகொண்டிருக்க, விளக்கை அணைத்துச் சத்தமில்லாமல் சீக்கிரம் முடிப்பதே திறமை என்று உடல் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பு, யாரும் வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் சுயஇன்பத்தையும் அதே வேகத்தில் பழகியிருக்கிறது. இதனால் எந்த நரம்பும் தளர்ந்துவிடவில்லை. அவசரத்தைக் கற்ற உடலுக்கு நிதானத்தையும் கற்பிக்க முடியும். அதற்கு வாரத்தில் இரண்டு இரவாவது பிள்ளைகளை அம்மாச்சி வீட்டில் படுக்கவைக்கும் ஏற்பாடும், உள்ளே இருந்து போடும் தாழ்ப்பாள் ஒன்றும் எந்த லேகியத்தைவிடவும் உதவும்.

பிறவிவகைக்கு வேறொரு பின்னணி உண்டு. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் செயல்படும் விதத்தில் உள்ள வேறுபாடு இதில் பங்கு வகிப்பதாக அறியப்படுகிறது. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் விந்து வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமும் இதுவே. பின்னால் வந்தவகைக்குக் காரணம் தேடிப் பார்க்க வேண்டும். விறைப்பு தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரப்படுவது, புராஸ்டேட் சுரப்பியின் அழற்சி, தைராய்டு மிகையாகச் சுரப்பது, கடனும் சண்டையும் தரும் மனப் பதற்றம் ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. நீரிழிவு உள்ளவருக்கு விறைப்புக் கோளாறு வருவது மிகவும் சாதாரணம் என்பதால், நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று இந்தத் தொல்லை தொடங்கினால் சர்க்கரையைப் பரிசோதிக்காமல் வேறு எதையும் தொடங்கக் கூடாது. விறைப்புக் கோளாறு இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பலருக்கு அத்தோடு வேகமும் குறைந்துவிடுகிறது.

பயிற்சியை எப்படித் தொடங்குவது

விந்து வெளியேறுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் விந்து உள்ளே சிறுநீர்க் குழாயின் அடிப்பகுதிக்கு வந்து சேர்கிறது, பிறகு தசைகள் துடித்து அதை வெளியே தள்ளுகின்றன. முதல் கட்டம் தொடங்கிவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது. எழும்பி முடியுடைத்துச் சரியத் தொடங்கிவிட்ட அலையை மறுபடி பின்னால் தள்ள முடியாதது போல. ஆகவே பயிற்சி முழுவதும் அந்த அலை எழும்பும் கட்டத்தை அடையாளம் காண்பதற்கானது. பலர் இங்கேதான் தலைகீழாகச் செய்கிறார்கள்: உறவின்போது சீட்டுக் கடனையும் டீசல் விலையையும் நினைத்து மனத்தைத் திருப்புகிறார்கள். மனம் வேறெங்கோ போய்விட்டால் அலை எழும்புவதே தெரியாது, தெரியும்போது அது உடைந்திருக்கும்.

முதல் படி தனியாகச் செய்வது. உணர்ச்சியின் அளவுக்கு ஒன்று முதல் பத்து வரை மனத்துக்குள் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து என்பது வெளியேறும் நொடி. கையால் மெதுவாகத் தூண்டி, ஏழு என்று தோன்றும்போது முழுவதுமாகக் கையை எடுத்துவிட வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து மெல்ல விட்டு, தொடையையும் பிட்டத்தையும் தளர்த்தி, மூன்று அல்லது நான்குக்கு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அரை நிமிடமும் ஆகலாம், ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தி, இப்படி மூன்று முறை செய்த பிறகு நான்காம் முறை விட்டுவிடலாம். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள் போதும். தொடக்கத்தில் ஏழு என்று நினைத்தது உண்மையில் ஒன்பதாக இருக்கும், தவறிவிடும். அதுவும் கற்பதில் ஒரு பகுதிதான். நிறுத்தித் தொடங்கும் இந்த முறையை 1956இல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். இன்று வரை முதலில் சொல்லிக்கொடுக்கப்படுவது இதுவே.

வறண்ட கையில் கட்டுப்பாடு வந்த பிறகு, எண்ணெய் தடவிய கையில் செய்து பழக வேண்டும், ஏனென்றால் ஈரமும் வழுவழுப்பும் உண்மையான உறவுக்கு நெருக்கமானவை. (தேங்காய் எண்ணெயோடு ஆணுறை அணியக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் உறை கிழிந்துவிடும். இதைக் கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.) அடுத்து மனைவியின் கை. பிறகு மனைவி மேலே இருக்க, உள்ளே நுழைந்து இருவரும் அசையாமல் இருப்பது. அசையாமல் இருப்பதே ஒரு படி என்பதை ஆண்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் பலருக்கு இந்தப் படியில்தான் பயம் விலகுகிறது. அதன் பிறகு மெதுவான அசைவு, ஏழு வந்ததும் அவரிடம் சொல்லி நிறுத்துவது, மறுபடி தொடங்குவது. கணவன் மேலே இருக்கும் நிலையில் கையும் தொடையும் இறுகுவதால் வேகம் கூடும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

ஏழு வரும்போது ஆணுறுப்பின் முனைக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலாலும் இரு விரல்களாலும் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கும் முறை ஒன்றும் உண்டு. 1970இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பரவலாக்கியது. பலன் இருக்கிறது, ஆனால் நடுவில் விலகிப் பிடித்து அழுத்துவது இருவருக்கும் சலிப்பைத் தருவதால் பாதியில் கைவிடுகிறார்கள் என்பதே நான் கேட்டது. வெறுமனே நிறுத்துவதே எளிது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இடுப்பின் அடித்தளத் தசைக்கான பயிற்சி. எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள, சிறுநீர் போகும்போது ஒரே ஒரு முறை நடுவில் நிறுத்திப் பாருங்கள். அப்போது இறுகுவது அதுதான். அதையே பழக்கமாக்கக் கூடாது. பிறகு உட்கார்ந்த நிலையில், வயிற்றையும் தொடையையும் இறுக்காமல் அந்தத் தசையை மட்டும் ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி முழுவதுமாகத் தளர்த்தி, பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. இறுக்குவதைவிடத் தளர்த்தக் கற்பது முக்கியம் என்பது என் கருத்து. வலையை இழுத்தும் ஐஸ் பெட்டியைத் தூக்கியும் பழகிய உடல் மூச்சை அடக்கி இறுக்குவதற்கு ஏற்கெனவே தேர்ச்சி பெற்றது. பலன் தெரிய ஏறத்தாழ 12 வாரம் ஆகும். பிறவிவகை உள்ள 40 பேருக்கு 12 வாரம் இத்தகைய பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு ஒன்றில் 33 பேருக்குக் கட்டுப்பாடு வந்திருந்தது.

எப்போது தொடங்குவது என்றால், விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தைவிட நல்ல காலம் இல்லை. படகைக் கரையேற்றி, வலையைப் பிரித்துப் பழுது பார்க்கும் அந்த நாட்களில் வீட்டில் இடைவிடாமல் இருக்கலாம். தசைப் பயிற்சியை ஒரு மாதம் முன்பே, மார்ச்சில், படகிலேயே தொடங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. சபுராளி என்றால் தனியாகச் செய்யும் படிகளை அங்கேயே முடித்துவிட்டு, விடுப்பின் முதல் வாரத்தில் மனைவியோடு அடுத்த படிக்கு வரலாம்.

மனைவியிடம் சொல்லாமல் இந்தப் பயிற்சியின் பிற்பாதி நடக்காது. நீண்ட விளக்கம் வேண்டாம். படுக்கையில் சொல்வதைவிட, வேறு வேளையில், "எனக்கு அவசரம் வந்திருது, அதை மாத்தணும்னு நினைக்கிறேன், நீயும் கூட இருந்தாத்தான் முடியும்" என்று சொன்னால் போதும். "நானும் அதைத்தான் எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம இருந்தேங்க" என்று பதில் வந்ததாகப் பலர் பிறகு வந்து சொல்லியிருக்கிறார்கள். கணவன் சொல்லாமல் விலகிப் படுத்தால், தன்மேல் விருப்பம் குறைந்துவிட்டது, அல்லது வெளியூரில் வேறு தொடர்பு இருக்கிறது என்று மனைவி நினைத்துக்கொள்வதும் உண்டு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பெரும்பாலான பெண்களுக்கு நுழைவினால் மட்டும் உச்சம் கிடைப்பதில்லை, கையாலும் தொடுதலாலும்தான் கிடைக்கிறது. ஆகவே விந்து வெளியேறியவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று திரும்பிப் படுக்க வேண்டியதில்லை. குழந்தை பிறக்குமா என்று பயப்படுபவர்களுக்கு, விந்து உள்ளே சேர்ந்தால் போதும், எத்தனை நிமிடம் என்பது அதில் பொருட்டல்ல.

மாத்திரையும் களிம்பும்

பயிற்சியோடு மருந்தும் சேர்ந்தால் பலன் கூடும் என்பது உண்மை. பிறவிவகையில் மருந்து பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் நண்பர் சொன்ன பெயரைக் கடையில் காட்டி வாங்குவது ஆபத்தானது, இதை மருந்து விற்றவனாகவே சொல்கிறேன். டபாக்சிடின் என்பது தேவைப்படும்போது மட்டும், உறவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பிடுவது; பொதுவாக 30 மில்லிகிராமில் தொடங்குவார்கள், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. குமட்டலும் தலைச்சுற்றலும் வரும். சிலருக்கு எழுந்து நிற்கும்போது மயக்கமே வரும். அதனால் ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும், மதுவோடு சேரவே கூடாது, சாப்பிட்டுவிட்டுப் படகேறவும் கூடாது. பராக்சிடின், செர்ட்ராலின் போன்ற மன அழுத்த மாத்திரைகள் தினமும் சாப்பிடுபவை. ஓரிரு வாரத்தில் பலன் தெரியும், மருத்துவர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தினால் உடல் துவளும், குழந்தைக்கு முயல்பவர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரப்புக் களிம்பை முனையில் மெல்லியதாகத் தடவி, சுமார் இருபது நிமிடம் கழித்துத் துடைத்துக் கழுவிய பிறகுதான் உறவு கொள்ள வேண்டும். கழுவாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். அதிகம் தடவினால் விறைப்பே இறங்கிவிடும். சில்டெனாஃபில் விறைப்புக்கான மாத்திரை, அது தனியாக வேகத்தைக் குறைக்க அன்று. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தொட்டால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். வலி மாத்திரையான டிரமடால் நேரத்தைக் கூட்டும் என்று காதோடு காதாகச் சொல்லப்படுகிறது. கூட்டும்தான், ஆனால் அடிமையாக்கும், வலிப்பும் வரவழைக்கும். 2018இல் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது காரணமில்லாமல் அன்று. மது குடித்து நேரத்தைக் கூட்டுகிறவர் நாளடைவில் விறைப்பை இழக்கிறார்.

"வாலிப, வயோதிக அன்பர்களே" என்று தொடங்கும் விளம்பரங்களும், பேருந்து நிலையத்தின் பக்கத்து விடுதியில் மாதத்தில் ஒரு நாள் வந்து உட்காரும் வைத்தியர்களும் இந்த வெட்கத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள். பாலுறவு ஆற்றலைக் கூட்டும் மருந்தென்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. விந்து விட்டான் நொந்து கெட்டான் என்ற பழமொழியை வைத்துப் பயமுறுத்துவது இவர்களின் முதல் வேலை. விந்தின் பெரும்பகுதி விந்துப் பைகளும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர். அது வெளியேறுவதால் இரத்தமோ எலும்பு மச்சையோ குறைவதில்லை. இந்தப் பயத்தால் வரும் சோர்வுக்கே 1960இல் நரேந்திர நாத் விக் என்ற இந்திய மனநல மருத்துவர் தாது நோய்த்தொகுப்பு என்று பெயர் வைத்தார். லேகியங்களில் சில்டெனாஃபில் இரகசியமாகக் கலக்கப்பட்டது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதய நோயாளிக்கு அது என்ன செய்யும் என்பதை மேலே சொல்லியாயிற்று. நம் மண்டபம், கீழக்கரைக் கடலிலிருந்து கடல் அட்டையையும் கடற்குதிரையையும் திருட்டுத்தனமாகப் பிடித்து அனுப்புவதற்குப் பின்னாலும் வெளிநாடுகளில் உள்ள இதே வீரிய நம்பிக்கைக்குப் பங்கு உண்டு. இரண்டும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, பிடித்தால் சிறை, சாப்பிட்டால் விந்து ஒரு நொடி கூடத் தள்ளிப்போகாது.

மருத்துவரிடம் போவதாக முடிவு செய்தால், சிறுநீரகவியல் மருத்துவர், பால்வினை நோய் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகிய மூவரில் யாரும் இதைப் பார்ப்பார்கள். மனநல மருத்துவர் என்றதும் நம் மாவட்டத்தில் ஏர்வாடி நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட ஊர் அது, தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பதற்றத்தையும் இந்தத் தொல்லையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; உள்ளூரில் யாரும் பார்த்துவிடுவார்கள் என்றால் மதுரை இரண்டு மணி நேரப் பயணம். வீட்டிலிருந்தே பேச விரும்புபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். எந்த வயதில் தொடங்கியது, எப்போதுமா சில நேரமா, தனியாக இருக்கும்போதும் அப்படியா, விறைப்பு எப்படி, சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். இவற்றைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனால், வாய் உலர்ந்து நிற்கும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் தாளை நீட்டிவிடலாம்.

கட்டுப்பாடு வந்த பிறகும், அடுத்த சபுருக்குப் போய்த் திரும்பும்போதோ, மருந்தை நிறுத்தும்போதோ பழைய வேகம் எட்டிப்பார்க்கும். அப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதல் உறவு எப்படி முடிகிறதோ அப்படி முடிய விட்டுவிட்டு, மறுநாள் மனைவியின் கை என்ற படியிலிருந்து தொடங்கினால் ஓரிரு வாரத்தில் உடலுக்குப் பழைய நிதானம் நினைவுக்கு வந்துவிடும்.